மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து: அம்பு செய்யும் கலையைக் கொடுத்துவிட்டுப் போன இஷி யார்?

1911 ஆகஸ்ட் 29. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓரோவில் என்றொரு சிற்றூர். ஊருக்கு வெளியே இருந்த மாடு வெட்டும் கொட்டகையில் நாய்கள் விடாமல் குரைத்தன. வேலையாட்கள் போய்ப் பார்த்தபோது வேலியோரம் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். எலும்பும் தோலுமான உடம்பு. மேலே ஒரு கிழிந்த துணி. தலைமுடி ஒட்டப் பொசுக்கப்பட்டிருந்தது. அது அவருடைய மக்களின் துக்க அடையாளம் என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

ஷெரிஃப் வந்தார். எந்த மொழியில் பேசினாலும் பதில் இல்லை. ஆங்கிலம், ஸ்பானிஷ், அக்கம்பக்கத்துப் பூர்வகுடி மொழிகள் எல்லாம் முயன்று பார்த்தாச்சு, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பாதுகாப்புக்காக அவரை ஜெயிலில் வைத்தார்கள். மறுநாளே செய்தித்தாள்கள் அவருக்குக் கடைசிக் காட்டு மனிதர் என்று பட்டம் கட்டிவிட்டன.

அந்த மனிதரைத்தான் உலகம் இஷி என்ற பெயரில் அறியும். அது அவருடைய பெயரே இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இவரைப் பற்றி இப்போ ஏன் பேசணும்? ஆதி மனிதர்கள் அம்பை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு, கையால் செய்து காட்டிய பதில் இவரிடமிருந்து கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000 ஆண்டுகளுக்கும் பழமையான கல்முனைகள் கிடைத்துள்ளன. அவை அம்பு முனைகளாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் கல் மட்டும்தான் மிஞ்சுகிறது. மரத்தண்டு மக்கிவிடும், இறகு மண்ணாகிவிடும், கட்டிய நார் காணாமல் போய்விடும். ஓர் அம்பில் முக்கால்வாசி அறிவு இருப்பது அந்த மக்கிப்போகும் பகுதியில்தான்.

ஒளிந்தே வாழ்ந்த நாற்பது ஆண்டுகள்

இஷி பிறந்தது ஏறக்குறைய 1860-களின் தொடக்கத்தில். லாசன் எரிமலைக்குத் தெற்கே மில் கிரீக், டீர் கிரீக் என்ற ஓடைகள் ஓடும் பள்ளத்தாக்குகள்தான் அவருடைய ஊர். யானா என்ற இனத்தின் தென்கோடிப் பிரிவான யாஹி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். எண்ணிக்கையில் சில நூறு பேர்தான்.

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கவேட்டை தொடங்கியது. குடியேறிகள் குவிந்தார்கள். ஓடைகளில் சுரங்கச் சேறு கலந்து மீன் குறைந்தது, மேய்ச்சல் மாடுகள் நிலத்தைப் பிடித்துக்கொள்ள மான் குறைந்தது. பசித்தவர்கள் மாட்டைத் திருடினார்கள். பதிலுக்குத் துப்பாக்கி வந்தது. 1865-ல் நடந்த ஒரு படுகொலையில் பல யாஹிகள் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். 1871 வாக்கில் கிங்ஸ்லி குகையில் முப்பது பேர் அளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், குழந்தைகளும் உட்பட. இந்த மாதிரி ஆள்வேட்டைகள் பலவற்றுக்கு மாநில அரசே பணம் கொடுத்தது. 2019-ல் கலிஃபோர்னியா ஆளுநர் இதை இனப்படுகொலை என்றே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

தப்பிய கொஞ்சம் பேர் மறைந்து வாழ ஆரம்பித்தார்கள். சிறுவன் இஷியும் அவர்களோடு. கால்தடம் தெரியாமல் பாறைக்குப் பாறை தாவி நடப்பது, புகை எழாமல் சின்னதாக நெருப்பு மூட்டுவது, அடர்ந்த புதருக்குள் தவழ்ந்தே போய்வருவது என்று ஒரு வாழ்நாளே கழிந்தது. துப்பாக்கி வைத்துக்கொண்டால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். வில்லுக்குச் சத்தமில்லை. சுற்றிலும் ரயிலும் தந்தியும் வந்துவிட்ட காலத்தில் ஒருவர் கல்முனை அம்போடு வேட்டையாடினார் என்றால் அவர் பின்தங்கியவர் என்று பொருள் அல்ல. உயிரோடு இருக்க அதுதான் தோதான ஆயுதம்.

1908 நவம்பரில் மின்சாரத் திட்டத்துக்காக நிலம் அளக்க வந்த குழு ஒன்று அவர்களுடைய மறைவிடத்தில் தற்செயலாக நுழைந்துவிட்டது. அப்போது அங்கே நால்வர் மட்டுமே. இஷி, அவருடைய வயதான தாய், ஒரு முதியவர், தங்கையோ உறவுப்பெண்ணோ ஆன ஒருத்தி. மற்றவர்கள் ஓடிவிட, நடக்க முடியாத தாய் போர்வைக்குள் கிடந்தார். வந்தவர்கள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, தோல் போர்வை, கூடை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். குளிர்காலம் வரப்போகிற நேரம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அவர்களுக்கு அது நினைவுப் பொருள், இவர்களுக்கு அது சமையலறையும் ஆயுதமும் படுக்கையும்.

முதியவரையும் பெண்ணையும் அதற்குப் பிறகு இஷி பார்க்கவே இல்லை. தாய் சீக்கிரமே இறந்தார். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் தன்னந்தனியாக இருந்துவிட்டுத்தான் அவர் அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

கட்டில் சட்டத்தில் ஒரு சொல்

செய்தியைப் படித்துவிட்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர் தன் சக ஆய்வாளர் தாமஸ் வாட்டர்மேனை ரயிலேற்றி அனுப்பினார். வாட்டர்மேன் கையில் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்று இருந்தது. சிறை அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். எதற்கும் அசைவில்லை. நம்பிக்கை போகும் நேரத்தில் சிவினி என்ற சொல்லைச் சொல்லி, கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டினார். சிவினி என்றால் ஒருவகை பைன் மரம். கட்டில் அந்த மரத்தில் செய்தது. கைதியின் முகம் மலர்ந்தது. இருவரும் மாறி மாறிக் கட்டிலைத் தட்டி அந்தச் சொல்லையே சொன்னார்களாம்.

சில நாட்களில் அவரை சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். நிருபர்கள் பெயர் கேட்டு நச்சரித்தார்கள். யாஹி வழக்கப்படி ஒருவர் தன் பெயரைத் தானே சொல்லக் கூடாது. இன்னொருவர் சொல்லி அறிமுகப்படுத்தணும். அறிமுகப்படுத்த யாரும் உயிரோடு இல்லை. வேறு வழியில்லாமல் குரோபர் இஷி என்று பெயரிட்டார். யானா மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள். உண்மைப் பெயரைக் கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அருங்காட்சியகத்திலேயே அவருக்கு அறை. மாதம் 25 டாலர் சம்பளத்தில் உதவித் துப்புரவுப் பணியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன் உட்கார்ந்து கல்முனை செதுக்குவார், குச்சியைக் கடைந்து தீ மூட்டிக் காட்டுவார். ஒருவரை வேலைக்கு வைத்துக்கொண்டு அவரையே காட்சிப்பொருளாகவும் வைத்தார்கள் என்று இன்று இதைக் கடுமையாக விமர்சிப்பவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. மலைக்குத் திரும்பிப் போகவோ வேறு பூர்வகுடி மக்களோடு போய்ச் சேரவோ அவருக்கு வாய்ப்புச் சொல்லப்பட்டது என்பதும், அவர் அங்கேயே இருக்கிறேன் என்றதும் உண்மைதான். திரும்பிப் போனால் அங்கே யார் இருந்தார்கள்?

உயரமான கட்டடங்கள் அவரை அசத்தவில்லை. மலை பார்த்தவருக்கு அது பெரிசா? அவரைத் திகைக்க வைத்தது ஜனக்கூட்டம். ஒரே இடத்தில் அத்தனை மனிதர்களை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. நவீனப் பொருட்களில் அவருக்கு மிகப் பிடித்தவை தீப்பெட்டியும் பசையும். ஒரு கைவினைஞரின் ரசனை அப்படித்தான் இருக்கும்.

மருத்துவர் மாணவரானார்

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவைச் சிகிச்சை கற்பித்தவர் சாக்ஸ்டன் போப். (திருவாசகத்தை மொழிபெயர்த்த நம்ம ஜி.யு.போப் வேறு, இவர் வேறு.) இஷியின் மருத்துவராக வந்தவர் சீக்கிரமே நண்பரானார். நாணயத்தை மறைத்து வித்தை காட்டத் தெரிந்தவர் என்பதால் இஷிக்கு அவரைப் பிடித்துப்போனது. பிறகு போப் இஷியிடம் வில்வித்தை கற்க உட்கார்ந்தார்.

போப் கண்ணில் பட்டதை எல்லாம் குறித்து வைத்தார். தண்டின் தடிமன், எந்த விரல், எந்தப் பல், எத்தனை சுற்று என்று ஓர் அறுவைச் சிகிச்சைக் குறிப்பு மாதிரி. 1918-ல் யாஹி வில்வித்தை பற்றி அவர் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையில் அடிப்படை நூல். அதில் பதிவானதை வைத்துத்தான் அம்பு செய்யும் வேலையை இங்கே படிப்படியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் தண்டு. ஹேசல் என்ற புதர்ச்செடியின் நேரான கிளைகளை இஷி தேர்ந்தெடுப்பார். பட்டையை உரித்தபின் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமன் இருக்க வேண்டும். பல கிளைகளை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டி ஒரு வாரத்துக்கும் மேல் காயவிடுவார். ஒன்றையொன்று நெருக்கிப் பிடிப்பதால் காயும்போது கோணாது. அப்படியும் மிஞ்சும் வளைவுகளைத் தணலில் காட்டிச் சூடேற்றி, கட்டைவிரலால் அழுத்தி, ஆறும்வரை பிடித்து நிமிர்த்துவார். பிறகு மணற்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்.

அடுத்து முன்தண்டு. பெரிய விலங்குக்கான அம்பு முழுக்க ஒரே குச்சி அல்ல. முன்பக்கம் சில அங்குல நீளத்துக்குக் கனமான, உறுதியான வேறு மரத்துண்டு செருகப்படும். மலைப்பகுதியில் வளரும் மவுண்டன் மகாகனி என்ற மரம் அதற்கு. கனம் முன்னால் இருந்தால் அம்பு நேராகப் போகும், உடைந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை மறுபடி பயன்படுத்தலாம்.

செருகுவதற்குத் தண்டின் முனையில் துளை போடணுமே, எப்படி? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். கூரான எலும்பு ஒன்றைக் கால்விரல்களுக்கு இடையில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். தண்டை அதன்மேல் நிறுத்தி, தயிர் கடைவது போல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டுவார். துளைக்கும் கருவி அசையாது, துளைபடும் பொருள் சுழலும். இன்றைய லேத் பட்டறையில் நடப்பதும் இதேதான். பொருத்திய இடத்தை மானின் தசைநாரால் சுற்றிக் கட்டுவார். தசைநாரை முதலில் வாயில் போட்டு மெல்லணும். எச்சிலில் ஊறியதும் அது மெழுகு போல் இளகும், காய்ந்ததும் இறுகி ஒட்டிக்கொள்ளும். கயிறும் பசையும் ஒரே பொருளில்.

நாணில் பொருந்தும் வெட்டை அம்பின் பின்முனையில் போட வேண்டும். பழைய முறையில் அதற்குக் கல் துண்டு. நகரத்துக்கு வந்தபின் இஷிக்கு இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடு அறிமுகமானது. உடனே மூன்று பிளேடுகளைச் சேர்த்துக் கட்டி, சரியான அகலத்தில் ஒரே இழுப்பில் வெட்டுப்போட ஆரம்பித்துவிட்டார். பாரம்பரியம் என்றால் மாறாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறகு ஏன் மூன்று?

இனி இறகு. கழுகு, பருந்து போன்ற பறவைகளின் சிறகுகள் அவருக்கு விருப்பம். சான் ஃபிரான்சிஸ்கோவில் வான்கோழி இறகு சுலபமாகக் கிடைத்ததால் அதையும் எடுத்துக்கொண்டார். ஆந்தை இறகு மட்டும் ஆகாது, கெட்டது என்று ஒதுக்கிவிடுவார்.

இறகின் நுனியைப் பிடித்து இரண்டு பக்கமாக இழுத்தால் நடுக்காம்பு நீளவாக்கில் பிளந்துகொள்ளும். ஒரு பாதியைக் கல்மேல் வைத்து, நுனியைக் கால் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, எரிமலைக் கண்ணாடிச் சில்லால் காம்பைச் சுரண்டுவார். வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய நாடாவாக ஆகும்வரை சுரண்டல் நிற்காது. பிறகு மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் ஊறவைப்பார்.

இங்கேதான் ஒரு கறாரான விதி. ஓர் அம்புக்குப் போகும் மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்கணும். மூன்றும் இடது அல்லது மூன்றும் வலது. கலக்கவே கூடாது.

காரணம் என்ன? இடதுசிறகின் இறகும் வலதுசிறகின் இறகும் எதிரெதிர்ப் பக்கம் வளைந்தவை, நம் இரண்டு கைகளைப் போல. மூன்றும் ஒரே பக்க வளைவாக இருந்தால் காற்று அவற்றைத் தள்ளும்போது அம்பு பம்பரம் மாதிரி ஒரே திசையில் சுழலும். சுழல்கிற பொருள் தன் அச்சை விடாது. கலந்து கட்டினால் ஒன்று இந்தப் பக்கம் சுழற்றப் பார்க்கும், இன்னொன்று அந்தப் பக்கம். அம்பு ஆட்டம் காணும்.

சுழலாவிட்டாலும் இறகுக்கு வேலை உண்டு. இறகுப்பந்து விளையாடியிருப்பீர்கள். அந்தப் பந்தை எப்படி அடித்தாலும் காற்றில் திரும்பி, தக்கை முன்னாலும் இறகு பின்னாலுமாகத்தானே வருகிறது? அதே கணக்கு இங்கேயும். கனமான முனை முன்னால் ஓட, பின்னால் உள்ள இறகு காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும். அம்பு பக்கவாட்டில் திரும்பினால் இறகில் காற்று அதிகமாக மோதி மறுபடி நேராக்கும். நாண் விட்ட கணத்தில் அம்புத்தண்டு மீன் போல நெளிந்துதான் கிளம்பும். அந்த நெளிவைச் சீக்கிரம் அடக்குவதும் இறகுதான்.

கட்டும் முறையும் கேளுங்கள். தண்டை இடது கைக்கும் மார்புக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். மென்ற தசைநாரின் ஒரு முனை பல்லில். தண்டை மெதுவாகச் சுழற்றச் சுழற்ற நார் அதுவாகச் சுற்றிக்கொள்ளும். முதல் இறகு நாண் வெட்டுக்குக் குறுக்காக நிற்கும், மற்ற இரண்டும் சம இடைவெளியில். பின்முனைகளை முதலில் கட்டிக் காயவிட்டு, பிறகு இறகுகளை இழுத்து நீட்டி முன்முனைகளைக் கட்டுவார். நடுவில் பசை கிடையாது. நேரான குச்சி ஒன்றை அளவுகோலாக வைத்து இறகின் விளிம்பைக் கல் சில்லால் சீவுவதோடு இறகு வேலை முடியும். தண்டில் வண்ண வளையங்களும் உண்டு. ஐந்து ஐந்தாகச் செய்வது அவர் வழக்கம்.

இது யாஹி மக்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். 1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏட்ஸி என்ற மனிதரின் அம்பறாத்தூணியில் 14 அம்புத்தண்டுகள் இருந்தன. இரண்டு மட்டும் முழுமையானவை. அந்த இரண்டிலும் இறகுகள் மூன்று மூன்றாக, பிர்ச் மரத் தாரில் ஒட்டி மெல்லிய நூலால் சுற்றிக் கட்டியிருந்தன. வேறு கண்டம், வேறு காலம், ஒட்டும் பொருளும் வேறு. மூன்று மட்டும் அதே மூன்று.

பாட்டில் கண்ணாடியில் அம்பு முனை

முனைக்கு எரிமலைக் கண்ணாடி, அதாவது அப்சிடியன் கல். உள்ளங்கையில் தோல் துண்டை விரித்து, அதன்மேல் கல்லை வைத்து, மான்கொம்பு நுனி கட்டிய குச்சியால் விளிம்பில் அழுத்துவார். தட்டுவது இல்லை, அழுத்துவதுதான். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மீன் செதில் போல ஒரு சில்லு தெறிக்கும். அரைமணி நேரத்தில் ஒரு முனை தயார். பியர் பாட்டில் கண்ணாடியும் அவருக்குப் பிடித்துப்போனது, கொம்புக்குப் பதில் இரும்பு ஆணியும். பார்வையாளர்களுக்கு அவர் செய்து கொடுத்த முனைகள் ஏராளம்.

சில்லு கண்ணில் விழுந்துவிட்டால்? கண்ணைக் கசக்கமாட்டார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து, தரையைப் பார்த்துக் குனிந்து, தன் உச்சந்தலையில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். சில்லு கீழே விழும். அறுவைச் சிகிச்சை நிபுணர் இதையும் மறக்காமல் எழுதி வைத்தார்.

கல்முனை என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் போப் சோதித்துப் பார்த்தார். மான்தோல் போர்த்திய பெட்டிக்குள் ஈரலை வைத்து இரும்பு முனை அம்பையும் அப்சிடியன் முனை அம்பையும் எய்தபோது, கல்முனைதான் ஆழமாகப் போனது.

வில் ஜூனிபர் மரத்தில், ஏறக்குறைய மூன்றரை அடி நீளம். அளவு நாடா தேவையில்லை, நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புவரை அளந்தால் போதும். வில்லின் முதுகில் தசைநாரைப் பரப்பி, சால்மன் மீன்தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டுவார். வேலை இல்லாதபோது வில்லை நிறுத்தி வைக்கக் கூடாது, படுக்க வைக்கணும், அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் எண்ணம். சில நேரம் வில்லின் ஒரு முனையை வாயருகே வைத்து, நாணை அம்பால் தட்டிப் பாடுவார்.

எய்யும் விதமும் நாம் சினிமாவில் பார்க்கிற மாதிரி இருக்காது. வில்லைக் குறுக்காகச் சாய்த்துப் பிடித்து, பெரும்பாலும் மண்டியிட்டோ குந்தியோ எய்வார். நாணைக் கட்டைவிரலால் கொக்கி போட்டு, அதன் நகத்தின் மேல் நடுவிரலை அழுத்தி இழுப்பார். மைதானத்தில் பலகையை வைத்துப் போட்டி வைத்தால் போப்பும் அவர் நண்பர்களும் ஜெயித்துவிடுவார்கள். நாற்பது கஜத்துக்கு அப்பால் உள்ள பலகையைத் துளைப்பதில் இஷிக்கு அக்கறையே இல்லை. புதருக்குப் பின்னால் விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, அடிபட்ட முயல் கத்துவது போல் ஒலி எழுப்புவார். ஆர்வத்தில் முயல் பக்கத்தில் வந்து நிற்கும். பக்கத்தில் வந்தபின் தப்பாது. மான் வேட்டைக்கு முந்தின நாள் புகை கிடையாது, மீன் சாப்பிடமாட்டார், விடிகாலையில் ஓடையில் குளிப்பார். உடம்பின் வாடை மானுக்குப் போய்விடக் கூடாது.

1914 மே மாதம் குரோபர், வாட்டர்மேன், போப், போப்பின் சின்ன மகன் எல்லோரும் இஷியோடு டீர் கிரீக் போனார்கள். அவர் தயங்கித்தான் கிளம்பினார். இறந்தவர்கள் இருக்கும் இடமாச்சே. போனபின் ஓடைகளையும் பழைய குடியிருப்புகளையும் மூலிகைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினார்.

கடைசி யாஹி என்ற பட்டம்

1996-ல் பெர்க்லியைச் சேர்ந்த தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி ஒரு குழப்பத்தைக் கிளப்பினார். இஷி செய்த முனைகளை யாஹி குகைகளில் கிடைத்த பழைய முனைகளோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. நீண்ட அலகும் பக்கவாட்டு வெட்டும் கொண்ட இஷியின் முனைகள், அண்டை இனத்தாரான வின்டு, நோம்லாகி மக்களின் முனைகளைப் போல இருந்தன. ஒருவேளை இஷியின் தந்தையோ கற்றுத்தந்தவரோ அந்த இனத்தவராக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

இது நிரூபணமான முடிவு அல்ல, ஊகம்தான். ஆனாலும் என் பார்வையில் இது நியாயமான ஊகம். ஆட்கள் குறையக் குறைய, ஒரு காலத்தில் பகையாக இருந்தவர்கள்கூடச் சேர்ந்து வாழ்ந்திருப்பார்கள். செய்தித்தாள்கள் விற்ற கலப்பில்லாத கற்கால மனிதர் என்ற படத்தை, அவர் கையால் செதுக்கிய கல்லே மறுத்துவிடுகிறது.

உடலுக்கு நேர்ந்தது

1914 முடிவில் இருமல் தொடங்கியது. 1915 கோடையில் வாட்டர்மேன் வீட்டில் தங்கி, மொழியியலாளர் எட்வர்ட் சப்பீருக்கு யாஹி மொழியைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வேலையின்போதே உடல் மோசமானது. காசநோய். அருங்காட்சியகத்தில் ஒரு காட்சிக்கூடத்தைக் காலிசெய்து அவரைப் படுக்க வைத்தார்கள். 1916 மார்ச் 25 அன்று இறந்தார். நகரத்துக்கு வந்து ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

இறந்தவர் உடலை அறுப்பது இஷிக்குப் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மருத்துவக் கல்லூரியில் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்து அதிர்ந்துபோனவர் அவர். அப்போது நியூயார்க்கில் இருந்த குரோபர், அறுக்கக் கூடாது, அறிவியலைவிட நண்பர் முக்கியம் என்ற கருத்தில் கடிதம் எழுதினார். கடிதம் பலன் தரவில்லை. உடற்கூறாய்வு நடந்தது. மூளையைத் தனியே எடுத்தார்கள். உடலைத் தகனம் செய்தபோது கூடவே வைத்தவை அவருடைய வில், ஐந்து அம்புகள், ஏகோர்ன் கொட்டை மாவு, சிப்பிக்காசு, புகையிலை, கொஞ்சம் அப்சிடியன் சில்லுகள்.

எடுத்த மூளை? 1917-ல் அதை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர் அதே குரோபர்தான். ஏன் செய்தார் என்று அவர் எங்கும் விளக்கவில்லை. அவருடைய மனைவி தியடோரா குரோபர் 1961-ல் எழுதிய இஷியின் வாழ்க்கை வரலாறு உலகப் புகழ் பெற்றது. தியடோரா இஷியை நேரில் பார்த்ததே கிடையாது.

1990-களின் பிற்பகுதியில் பியூட் மாவட்டத்துப் பூர்வகுடி மக்கள் இஷியின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். மூளை எங்கே என்ற தேடல் அப்போதுதான் உண்மையில் தொடங்கியது. 1999-ல் மானுடவியலாளர் ஓரின் ஸ்டார்ன் பழைய கடிதங்களைத் துருவி ஸ்மித்சோனியனைச் சென்றடைந்தார். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தது. யானா வழித்தோன்றல்கள் இன்றைக்கும் ரெடிங் ரான்செரியா, பிட் ரிவர் இனக்குழுக்களில் இருக்கிறார்கள் என்று முடிவாகி, 2000 ஆகஸ்டில் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ அருகே கல்லறைத் தோட்டத்தில் ஒரு மண்சாடியில் இருந்த சாம்பலும் சேர்க்கப்பட்டது. 2021-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் கட்டடம் ஒன்றிலிருந்து குரோபரின் பெயரை நீக்கியது.

இஷியிடம் வில் கற்ற போப் 1926-ல் இறந்தார். அவர் எழுதிய நூல்களைப் படித்துத்தான் அமெரிக்காவில் நவீன வில் வேட்டை மறுபடி பரவியது. இஷி மெழுகு உருளைகளில் பதிவுசெய்த பாட்டும் கதையும் 2010-ல் அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றன. அவர் செய்த அம்புகளில் பல பெர்க்லியின் ஹர்ஸ்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அவரையும் மூளையையும் ஒன்றாக லாசன் மலையடிவாரத்தில் புதைத்தார்கள். எந்த இடம் என்பது அந்த மக்களுக்கு மட்டும் தெரியும்.